பாம்புக்கடி மருந்துக்குப் பின்னால் ஒரு அமெரிக்கர்! தீர்த்தமலை விவசாயிக்கும் ரோமுலஸ் விட்டேக்கருக்கும் என்ன தொடர்பு?

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்தில் இருக்கும் தீர்த்தமலை என்றதும், மலை மேல் உள்ள தீர்த்தகிரீஸ்வரர் கோயிலும் பாறையில் இருந்து கொட்டும் ராமர் தீர்த்தமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அடிவாரத்து ஊர்களில் பிழைப்பு என்பது நெல், கரும்பு, மரவள்ளி, மஞ்சள் என்று வயலைச் சுற்றியே நடக்கிறது. வயல் இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் பாம்பும் வரும்.

இங்கே ஒருவரைப் பாம்பு கடித்தால், அரூர் அரசு மருத்துவமனைக்கோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து பாம்பு விஷத்தை வைத்துத்தான் தயாராகிறது. அப்படி மருந்து நிறுவனங்களுக்குப் போகும் விஷத்தின் பெரும்பகுதி சென்னையை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தில் எடுக்கப்படுகிறது. அந்தச் சங்கம் உருவாகக் காரணமாக இருந்தவர் நியூயார்க்கில் பிறந்த ஒரு அமெரிக்கர். பெயர் ரோமுலஸ் விட்டேக்கர்.

அமெரிக்காவில் பிறந்தவர் தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தார்? இங்கே என்ன செய்தார்? தீர்த்தமலை போன்ற ஊர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ரோமுலஸ் விட்டேக்கர்?

1943 மே 23ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறார். மற்ற வீடுகளில் என்றால் அடி விழுந்திருக்கும். அவருடைய அம்மா டோரிஸ் நோர்டன் மகனைத் தடுக்கவில்லை, பாம்புகளைப் பற்றிய புத்தகம் வாங்கிக் கொடுத்தார்.

டோரிஸ் பிறகு ராமா சட்டோபாத்யாய என்பவரை மணந்தார். விடுதலைப் போராட்ட வீரரும் கைவினைத் தொழில்களுக்குப் புத்துயிர் கொடுத்தவருமான கமலாதேவி சட்டோபாத்யாயவின் மகன்தான் ராமா. அப்படித்தான் 1951ல் குடும்பம் கப்பல் ஏறி பம்பாய் வந்தது.

பள்ளிப்படிப்பு கொடைக்கானலில். விடுதியில் தங்கிப் படித்த அந்த நாட்களில், வகுப்பறையை விட பழனி மலைக் காடுகளே அவரை அதிகம் இழுத்தன.

அமெரிக்காவுக்குப் போனவர் ஏன் திரும்பி வந்தார்?

1961ல் கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கா போனார். வயோமிங் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், ஆனால் படிப்பில் மனம் ஒட்டவில்லை. அடுத்து மியாமியில் பில் ஹாஸ்ட் என்பவர் நடத்திய பாம்புப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பாம்பிடம் இருந்து விஷம் எடுத்து ஆய்வுக்கு விற்பதுதான் அந்தப் பண்ணையின் தொழில். பாம்பைக் கொல்லாமலே அதை வைத்து ஒரு தொழில் நடத்தலாம் என்பதை அவர் அருகில் இருந்து பார்த்தது அங்கேதான்.

நடுவில் வியட்நாம் போர். கட்டாய ராணுவச் சேவைக்கு அழைப்பு வந்தது. மருத்துவ ஆய்வகப் பணியாளராகப் பயிற்சி பெற்று, டெக்சாஸிலும் பிறகு ஜப்பானில் இருந்த ராணுவ மருத்துவமனையிலும் வேலை பார்த்தார். சேவை முடிந்ததும் 1967ல் இந்தியா திரும்பிவிட்டார். பிற்காலத்தில் இந்தியக் குடியுரிமையும் பெற்றார். இந்தியச் சட்டப்படி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக் குடிமகனாக இருக்க முடியாது என்பதால், இது சாதாரண முடிவு இல்லை.

இருளர்களை எப்படிச் சந்தித்தார்?

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர்கள் பாம்பு பிடிப்பதில் கைதேர்ந்தவர்கள். மண்ணில் இருக்கும் தடம், பொந்தின் வாயில் கிடக்கும் எச்சம், உரித்துப்போட்ட சட்டை, இதையெல்லாம் பார்த்தே உள்ளே இருப்பது என்ன பாம்பு என்று சொல்லிவிடுவார்கள். கையில் இருப்பது ஒரு கடப்பாரை மட்டும்தான். விட்டேக்கர் அவர்களோடு காடு கழனி என்று சுற்றினார். அவரைப் பொறுத்தவரை இருளர்கள்தான் ஆசான்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் இருளர்களின் வருமானம் பாம்புத் தோலில் இருந்து வந்தது. பிடித்த பாம்புகளைத் தோல் வியாபாரிகளிடம் கொடுப்பார்கள், தோல் வெளிநாட்டுக்குப் போகும். அதை வைத்துக் கைப்பை, செருப்பு, பெல்ட் செய்வார்கள்.

1972ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. பாம்புகளுக்கு இது நல்ல செய்தி. ஆனால் வேறு நிலமோ தொழிலோ இல்லாத இருளர் குடும்பங்களுக்கு அடுப்பு எரிவதே கேள்விக்குறியானது.

1978ல் என்ன நடந்தது?

அதே பாம்பு, அதே திறமை. ஆனால் தோலுக்குப் பதில் விஷம். இந்த யோசனையோடு 1978ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவு சங்கம் பதிவு செய்யப்பட்டது. இது இன்று வரை செயல்படும் முறை இதுதான்:

- வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கையில் மட்டுமே பாம்புகளைப் பிடிக்க வேண்டும்.
- பிடித்த பாம்பை மண்பானையில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள்.
- சில வாரங்கள் வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் விஷம் எடுப்பார்கள்.
- வயிற்றுப் பக்கச் செதிலில் சிறு அடையாளம் இட்டு, மீண்டும் இயற்கை வாழிடத்தில் விட்டுவிடுவார்கள்.
- அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கிடைத்தால் அதைத் தொடக்கூடாது.

எடுக்கப்படும் விஷம் 4 வகைப் பாம்புகளுடையது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணமானவை இவைதான்.

விஷம் மருந்தாவது எப்படி?

விஷத்தை உறைநிலையில் உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே மிகக் குறைந்த அளவில் குதிரைகளுக்குச் செலுத்தப்படும். குதிரையின் உடல் விஷத்தை எதிர்க்கும் புரதங்களை உருவாக்கும். அதன் ரத்தத்தில் இருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, சுத்தப்படுத்தி, குப்பிகளில் அடைப்பதுதான் விஷமுறிவு மருந்து. 4 வகைப் பாம்புக்கும் ஒரே மருந்து என்பதால், கடித்தது எது என்று தெரியாவிட்டாலும் டாக்டரால் சிகிச்சையைத் தொடங்க முடியும்.

பாம்போடு நின்றுவிட்டாரா?

இல்லை. சங்கம் தொடங்கும் முன்பே சென்னையில் பாம்புப் பண்ணையைத் தொடங்கியிருந்தார். முதலில் சேலையூரில் சிறிய அளவில் இருந்தது, 1972ல் கிண்டிக்கு மாறியது. பாம்பைப் பார்த்தாலே அடிக்கக் கம்பு தேடும் மக்களுக்கு, எது விஷப்பாம்பு, எது சாதுவான பாம்பு என்று காட்டுவதுதான் நோக்கம்.

1976ல் அப்போதைய மனைவி ஜாய் விட்டேக்கர் உள்ளிட்டோருடன் சேர்ந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினார். தோலுக்காக வேட்டையாடப்பட்டு, இந்தியாவின் 3 முதலை இனங்களும் அழிவின் விளிம்பில் இருந்த நேரம் அது. மத்திய அரசின் முதலை பாதுகாப்புத் திட்டமும் 1975ல்தான் தொடங்கியிருந்தது. தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள் ஒகேனக்கல்லில் பார்க்கும் முதலைப் பண்ணையும் சதுப்பு நில முதலைகளைக் காப்பாற்ற வந்ததுதான்.

பயணங்களுக்கும் குறைவில்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்புக்காக பப்புவா நியூ கினியாவில் முதலைகள் தொடர்பான பணி. அந்தமானில் சுற்றுச்சூழல் ஆய்வு நிலையம். 2005ல் கர்நாடகாவின் ஆகும்பேயில் ராஜநாகத்துக்காக மழைக்காடு ஆய்வு மையம். ராஜநாகம் பற்றி நேஷனல் ஜியாகிரஃபிக்குக்காக எடுத்த படம் எம்மி விருது பெற்றது. 2018ல் மத்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ வழங்கியது.

அவரது அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது?

பல ஆண்டுகள் அவர் வாழ்ந்தது செங்கல்பட்டு அருகே ஒரு பண்ணை வீட்டில். எழுத்தாளரும் மனைவியுமான ஜானகி லெனின் அந்த வாழ்க்கையை ஆங்கில நாளிதழில் தொடராக எழுதினார், அது புத்தகமாகவும் வந்தது. வீட்டுக்குள் நுழையும் தவளைகள், தோட்டத்தில் நடமாடும் பாம்புகள், பக்கத்துக் காட்டில் இருந்து எட்டிப் பார்க்கும் சிறுத்தை என்று அங்கே தினமும் ஏதாவது ஒரு விருந்தாளி உண்டு. வெளிநாட்டுக்காரர் என்றால் நகரத்துக் குளிர்சாதன வீடும் கிளப்பும்தான் என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான வாழ்க்கை இது.

தமிழ்நாட்டில் இருந்து அமெரிக்கா போன இருளர்கள்

கதையில் ஒரு சுவாரஸ்யமான திருப்பமும் உண்டு. அமெரிக்காவின் புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. ஆட்களை இறக்கியும் பெரிதாகப் பலன் இல்லை. 2017ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற 2 இருளர்கள் அங்கே அழைத்துச் செல்லப்பட்டனர். இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள்.

2023ல் இவர்கள் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கற்றுக்கொண்டவருக்கு 2018ல் வந்த விருது, கற்றுக்கொடுத்த சமூகத்துக்கு வந்து சேர மேலும் 5 ஆண்டுகள் ஆனது.

தீர்த்தமலைக்கு இதில் என்ன சிக்கல்?

2020ல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58 ஆயிரம் பேர். விட்டேக்கரும் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். இறந்தவர்களில் பெரும்பாலானோர் கிராமத்து மக்கள். பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் நடந்தவை.

இன்னொரு சிக்கல், விஷம் ஊருக்கு ஊர் மாறுவது. ஒரே இனப் பாம்பாக இருந்தாலும், ஒரு பகுதியில் உள்ளதன் விஷமும் வேறு பகுதியில் உள்ளதன் விஷமும் ஒன்றல்ல என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சென்னையைச் சுற்றியுள்ள பகுதியில் பிடித்த பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து, நாட்டின் எல்லா மூலையிலும் ஒரே அளவு வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. அதனால் வெவ்வேறு பகுதிகளிலும் விஷம் சேகரிக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. விட்டேக்கரும் இதை வலியுறுத்தி வருபவர்தான். அதற்காக இப்போதைய மருந்து வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கு உயிர் காக்க இருக்கும் ஒரே மருந்து இதுதான்.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் பட்டியலில் சேர்த்தது. தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் பாம்புக்கடி நோயாளி வந்தால் அரசுக்குத் தகவல் தர வேண்டும். எங்கே அதிகம் கடிக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தை அங்கே போதுமான அளவு வைக்க முடியும்.

பாம்பு கடிச்சா என்ன செய்யணும்?

- பதற வேண்டாம். கடிபட்டவரை நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.
- மோதிரம், வளையல், கொலுசு, இறுக்கமான துணி ஆகியவற்றை உடனே கழற்றுங்கள். வீக்கம் வந்தால் பிறகு கழற்ற முடியாது.
- கடிபட்ட கை, காலை அசையாமல் வையுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டலாம்.
- கயிறு, துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள்.
- பாம்பைத் தேடிப் பிடிக்கவோ அடிக்கவோ போய் நேரத்தை வீணாக்காதீர்கள்.
- 108க்கு அழையுங்கள். மந்திரம், பச்சிலை என்று அலையாமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மருந்து இலவசம்.

மருத்துவமனையில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். உறையவில்லை என்றால் விரியன் வகை விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். 'சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள்' என்று சண்டைக்குப் போக வேண்டாம், அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது. இரவில் தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை சொருகுவது போன்றவை வந்தால் சாதாரணமாக விடாதீர்கள். கட்டிலில் படுப்பது, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகுவது, இரவில் வரப்பில் நடக்கும்போது டார்ச்சும் மூடிய காலணியும் வைத்துக்கொள்வது, இவை செலவு குறைந்த, பலன் அதிகமான பாதுகாப்பு.