சாட்சி சொல்வது யார்? திறமூலத் தரவுத்தளங்களும் சான்றிதழின் வரலாறும்

(சற்றே நீண்ட பதிவு. கணினியியல், மொழியியல், கல்வி வரலாறு ஆகிய துறைகளில் இருப்போர் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

ஊர்ப்பெயர்களை ஆராய்வோர் அரசர், தெய்வம், நீர்நிலை, மரம் என்று வகைப்படுத்திச் செல்வர். ஐதராபாத்தின் வடகிழக்கில், குஷாய்குடாவுக்கும் சைனிக்புரிக்கும் அருகில் உள்ள ஏ.எஸ்.ராவ் நகர் இவ்வகைகளுள் அடங்குவதில்லை. அதன் பெயருக்கு உரியவர் அய்யகாரி சாம்பசிவ ராவ் (1914–2003) என்னும் மின்னணுப் பொறியாளர். 1965இல் பட்நாகர் விருதும் 1972இல் பத்மபூஷணும் பெற்றவர். இந்திய மின்னணுத் துறைக்கு வழிவகுத்த ஹோமி பாபா குழுவின் உறுப்பினர். 1967 ஏப்ரல் 11 அன்று தொடங்கப்பட்ட இந்திய மின்னணுக் கழகத்தை (இசிஐஎல்) நிறுவி நடத்தியவரும் இவரே. அக்கழக ஊழியர்களின் குடியிருப்பாகத் தோன்றி வளர்ந்த பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்பதிவின் பொருள் அவர் உருவாக்கிய நிறுவனமன்று. அந்நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு இன்றுவரை இந்நாட்டில் 'இவருக்குக் கணினி தெரியும்' என்று சாட்சி சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்து யாரிடம் சென்றது என்பதே. இன்று திறமூலத் தரவுத்தள மென்பொருள்களுக்கு வழங்கப்படும் தொழில்முறைச் சான்றிதழ்களை விளங்கிக்கொள்ள இந்த வரலாறு இன்றியமையாதது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தெலுங்கில் சான்றிதழைத் துருவீகரண பத்திரம் என்பர். உறுதியாக்கும் தாள் என்பது அதன் பொருள். தமிழ்ச் சொல் வேறு கோணத்தில் நிற்கிறது. சான்று என்பது சாட்சியம்; இதழ் என்பது ஏடு. ஆகவே சான்றிதழ் என்பது சாட்சியம் எழுதப்பட்ட ஏடு. சாட்சி சொல்பவர் எதையேனும் கண்டிருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இக்கட்டுரை முழுவதும் அந்த எதிர்பார்ப்பையே அளவுகோலாகக் கொள்கிறேன்.

இசிஐஎல் உருவாக்கிய டிடிசி-12 கணினி 1969இல் பயன்பாட்டுக்கு வந்தது. 1970களில் டிடிசி-312, டிடிசி-316 ஆகியன தொடர்ந்தன. கணினியை விற்றவரே வாங்கியவரின் ஊழியருக்குப் பயிற்சியும் தருவது அக்கால உலக வழக்கம். பொறியும் அறிவும் ஒரே கட்டாக வந்தன. தனியே ஒரு சான்றிதழுக்குத் தேவை எழவில்லை. 1978இல் ஐபிஎம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அதன் பொறிகளைப் பராமரிக்கும் பணியை அரசு நிறுவனமான சிஎம்சி ஏற்றது. பிறர் செய்த பொறியை இங்குள்ளோர் இயக்கிக் காட்ட வேண்டிய நிலையில், அறிவு பொறியிலிருந்து பிரியத் தொடங்கியது.

1981இல் என்ஐஐடியும் 1986இல் ஆப்டெக்கும் தோன்றின. 1984ஆம் ஆண்டின் கணினிக் கொள்கை இறக்குமதியை எளிதாக்கியது. பயிற்சி தனித் தொழிலாயிற்று. தனியார் பயிற்சியகங்கள் பெருகவே, தரத்துக்குப் பொது அளவுகோல் ஒன்று வேண்டியதாயிற்று. 1990இல் நடுவண் அரசு டோயெக் திட்டத்தைக் கொண்டுவந்து ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகளை வகுத்தது. பயிற்சியை எவரும் தரலாம், தேர்வை மட்டும் அரசு நடத்தும் என்பது அதன் அடிப்படை. கற்பிப்பவரையும் சாட்சி சொல்பவரையும் பிரித்த இவ்வமைப்பே பின்னர் நைலிட் எனப் பெயர் மாறியது.

1990களின் பிற்பகுதியில் இவ்வதிகாரம் மீண்டும் இடம் மாறியது. ஏ.எஸ்.ராவ் நகர் பொறி செய்தோரின் ஐதராபாத் எனில், அமீர்பேட்டை மென்பொருள் கற்போரின் ஐதராபாத். அங்கே நூற்றுக்கணக்கானோர் ஒரே அறையில் அமர்ந்து சில வாரங்களில் ஆரக்கிள், ஜாவா போன்றவற்றைக் கற்றனர். கையெழுத்துக் குறிப்புகள் ஜெராக்ஸ் கடைகளில் 'மெட்டீரியல்' என்னும் பெயரில் விற்பனையாயின. அங்கு வந்தோரில் பெரும்பாலோர் பட்டம் பெற்றவர்கள் என்பதே கருதத்தக்கது. பல்கலைக்கழகம் அளித்த ஏட்டை நம்பாத வேலைச் சந்தை, மென்பொருளை விற்கும் நிறுவனம் அளித்த ஏட்டை நம்பியது.

இதில் ஒரு முரண் உண்டு. இன்றைய முதன்மையான திறமூலத் தரவுத்தளங்களுள் ஒன்றான போஸ்ட்கிரெஸ்கியூஎல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. எட்கர் காட் 1970இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்தார். அதைச் செயற்படுத்திக் காட்ட 1973 வாக்கில் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இங்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கினர். 1986இல் அங்கேயே போஸ்ட்கிரெஸ் தொடங்கியது. 1990களின் நடுவில் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்னும் இரு மாணவர்கள் அதற்கு எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தனர். 1996இல் இன்றைய பெயர் அமைந்தது. மென்பொருளையே ஈன்ற நிறுவன வகை, அதைக் கற்றவருக்குச் சாட்சி சொல்லும் தகுதியைச் சந்தையின் கண்ணில் இழந்து நிற்கிறது.

மைஎஸ்கியூஎல்லின் கதை இதை மேலும் தெளிவாக்கும். 1995இல் வெளிவந்து 2000இல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வந்த இத்தரவுத்தளத்துக்கு, அதன் உரிமையாளரான சுவீடன் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் தானே சான்றிதழ்த் தேர்வுகளை நடத்தியது. 2008இல் சன் நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி டாலருக்கு அதை வாங்கவே, சான்றிதழும் சன் பெயருக்கு மாறியது. 2010 ஜனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிளிடம் சென்றது. அதே சான்றிதழ் ஆரக்கிள் பெயரில் வெளிவந்தது. படித்தவரும் பாடமும் பெரிதாக மாறவில்லை. சில ஆண்டுகளுக்குள் சாட்சி மட்டும் இரண்டு முறை மாறினார்.

மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியோருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009இல் அதன் மூலநிரலைக் கொண்டு மரியாடிபி என்னும் கிளையைத் தொடங்கினார். மூத்த மகள் மை பெயரில் அமைந்தது முதல் மென்பொருள். இளைய மகள் மரியா பெயரில் இரண்டாவது. நிரலை எடுத்துச் செல்ல உரிமம் இடங்கொடுத்தது. பெயரை எடுத்துச் செல்ல வணிகக் குறி இடங்கொடுக்கவில்லை. சான்றிதழ் பெயரைச் சார்ந்தது, நிரலைச் சார்ந்ததன்று. திறமூல உரிமம் நிரலை விடுவித்தபோதும், அதை அறிந்தவர் யார் எனச் சொல்லும் உரிமையை அது தொடவில்லை. இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது இதுவே.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு அவ்வாறு ஒற்றை உரிமையாளர் இல்லை. அதன் உருவாக்கக் குழு சான்றிதழ் வழங்குவதில்லை. எண்டர்பிரைஸ்டிபி போன்ற நிறுவனங்கள் தத்தம் பெயரில் வழங்குகின்றன. இவ்வெற்றிடத்தை ஜப்பான் வேறு விதமாக நிரப்பியது. எல்பிஐ-ஜப்பான் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு 2011இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை அடிப்படையாகக் கொண்டு ஓஎஸ்எஸ்-டிபி தேர்வைத் தொடங்கியது. உரிமையாளர் இல்லாத மென்பொருளுக்கு, அதை விற்காத ஓர் அமைப்பும் சாட்சியாகலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. 2005இல் சென்னையில், சி-டாக்கும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை அமைத்தன. மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்திய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் திறமூல மென்பொருள்களைச் சிறு காணொளிப் பாடங்களாக்கித் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் தந்து, தேர்வும் நடத்திச் சான்றிதழும் வழங்குகிறது. 2015இல் நடுவண் அரசு, தன் துறைகள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டது. எனினும் தரவுத்தள நிருவாகி வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் இன்றும் தேடுவது பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனத்தின் ஏட்டையே. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளுக்குக் கட்டணம் கட்டிச் சாட்சியை இறக்குமதி செய்கிறோம்.

அந்தச் சாட்சி எதைக் கண்டது என்றும் கேட்க வேண்டும். நிறுவனத் தேர்வுகளில் பல, கொடுக்கப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வகையின. அவை கண்டது நினைவாற்றலை. மாறாக, 1999இல் தொடங்கிய ரெட் ஹேட் பொறியாளர் தேர்வு, தேர்வரை உண்மையான கணினியின்முன் அமர்த்தி வேலை செய்யச் சொல்கிறது. அது கண்டது செயலை. சாட்சியம் என்னும் சொல்லுக்குப் பின்னதே நெருக்கமானது.

இத்தகைய தேர்வை நடத்தப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் கட்டணமின்றி நிறுவலாம். ஒரு தரவுத்தளத்தை மாணவர் கையில் கொடுத்து, காப்பு நகல் எடுக்கச் சொல்லி, பின் மூலத்தைத் தேர்வாளரே அழித்துவிட்டு, அதை மீட்டுத் தரச் சொல்லலாம். மெதுவாக ஓடும் ஒரு வினவலைக் கொடுத்து, காரணம் கண்டறிந்து விரைவாக்கச் சொல்லலாம். மூன்று மணி நேரத்தில் முடியும். விடைக்கு உரைநூல் இல்லை. அருகில் நின்று பார்த்தவர் ஆசிரியர். அவர் கையொப்பமிடும் ஏடு கண்ணால் கண்ட சாட்சியமாக இருக்கும்.

தரவுத்தளப் பாடத்தை நடத்தும் ஆசிரிய நண்பர்கள் தங்கள் செய்முறைத் தேர்வில் இவ்விரு வினாக்களையேனும் சேர்க்க இயலுமா, பாடத்திட்ட விதிகளில் எது தடையாக இருக்கிறது என்பதைப் பின்னூட்டத்தில் எழுதினால் உரையாடலைத் தொடரலாம்.