இருளர் காலனி

பெருங்களத்தூரை விட்டுத் தெற்கே கிளம்பினால் வண்டலூருக்கு அப்பால் செங்கல்பட்டு வரைக்கும், கிழக்கே திரும்பினால் மாமல்லபுரம் வரைக்கும், ஏரிக்கரை ஓரமாகவோ ஊர்க்கோடியிலோ சில குடியிருப்புகள் இருக்கும். கேட்டால் 'இருளர் காலனி' என்பார்கள். ஒரு சொல் தமிழ், ஒரு சொல் லத்தீன். இரண்டையும் சூட்டியவர்கள் அங்கே குடியிருப்பவர்கள் அல்லர்.

முதல் சொல்லின் வேர் 'இருள்' என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எதன் இருள் என்பதில் மட்டும் இரண்டு கட்சி. உடம்பின் நிறம் என்பது ஒன்று, காட்டின் அடர்த்தி என்பது மற்றொன்று. இரண்டாவது கொஞ்சம் மரியாதையானது என்பதால் இப்போது அதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் இரண்டுமே வெளியிலிருந்து பார்க்கிறவன் சொல்லக்கூடியவை. காட்டிலேயே பிறந்து வளர்ந்தவனுக்குக் காடு ஏன் இருட்டாகத் தெரியப்போகிறது?

வெளியார் வைத்த பெயர் என்று நான் நினைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீலகிரி இருளர் பேசுவது தனி மொழி. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் அதைப்பற்றி 1973 தொடங்கி 1982 வரை மூன்று தொகுதிகள் எழுதினார். செங்கல்பட்டுப் பக்கத்து இருளரோ தமிழ்தான் பேசுகிறார்கள். மலைக்கும் சமவெளிக்கும் இடையே இத்தனை தூரம் இருந்தும் பெயர் மட்டும் ஒன்று. தாமே வைத்துக்கொண்ட பெயராக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?

செங்கல்பட்டில் இன்னொரு பெயரும் வழங்கியது: வில்லியர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில், செங்கல்பட்டு நகரில் வந்து தங்கியவர்களைச் சொல்லும்போது இருளர் என்பதோடு வில்லியர் என்பதும் சேர்ந்தே வருகிறது. வில்லை உடையவர் வில்லியர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தலபுராணமும் ஊரின் பெயருக்குக் காரணமாக வில்லி என்ற வேடனைத்தான் சொல்கிறது. ஒருவரை அவர் நிறத்தைக் கொண்டு கூப்பிடுவதற்கும் அவர் கைத்தொழிலைக் கொண்டு கூப்பிடுவதற்கும் எவ்வளவோ வித்தியாசம். எனக்கு வில்லியர் என்ற பெயர்தான் பிடித்திருக்கிறது. ஆனால் வில்லுக்கு வேலை இல்லாமல் போன பிறகு அந்தப் பெயரும் தேய்ந்துவிட்டது.

இருள் என்ற சொல்லைச் சொன்னாலே இழிவு என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தென்மாவட்டங்களில் இருளப்பசாமி காவல் தெய்வம். இருளாண்டி, இருளாயி என்று குழந்தைகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். அங்கே கும்பிடும் சொல், இங்கே தள்ளி நிறுத்தும் சொல் ஆயிற்று. பழி சொல்லின் மேல் இல்லை.

தொண்டைநாட்டு வேட்டைக்குடிகளைப் பற்றிய பழைய சித்திரம் பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. காஞ்சிக்குப் போகும் வழியில் எயினர் குடிப் பெண்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறிப் புல்லரிசி எடுப்பதை அது சொல்கிறது. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலி சேர்த்துவைத்த நெல்லை எடுக்கும் இருளர் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. எயினர்தான் இருளர் ஆனார்கள் என்று வம்சாவளி எழுதிவிட மாட்டேன். இந்த மண்ணில் அந்த வேலைக்கு வயது அதிகம், அவ்வளவுதான்.

காடு அவர்கள் கையைவிட்டுப் போனது காகிதத்தில்தான். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. திரிந்த இடமும் தேன் எடுத்த இடமும் காப்புக்காடு ஆயின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதையொட்டிப் பாம்புத் தோல் வியாபாரம் தடைப்பட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்தவர்கள் விஷத்துக்காகப் பிடிக்கட்டும் என்று ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. வடநெம்மேலியில் இருக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பாம்புக்கடிக்கு ஊசி போட்டுக்கொண்ட யாரும் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கலாம். இருளரான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மற்றவர்களில் எத்தனையோ குடும்பங்கள் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கொத்தடிமைகளாகக் கிடந்து மீட்கப்பட்டவை.

அரசாங்கப் பட்டியலில் ஏறியதும் பெயரின் கதை மாறியது. தமிழ்நாட்டில் இருளர் பட்டியல் பழங்குடி. கர்நாடகப் பட்டியலில் 'இருளிக'. புதுச்சேரியில் 2016 வரைக்கும் பழங்குடிப் பட்டியலே கிடையாது. அந்த ஆண்டு வந்த ஆணையில் உள்ள ஒரே இனம் இருளர்தான், 'வில்லி, வேட்டைக்காரன் உட்பட' என்ற குறிப்போடு. மூன்று பெயர்களும் ஒரே வரியில். யாரோ வைத்த பெயராக இருக்கட்டும், இன்று பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுமனைக்கும் கோட்டாட்சியர் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டியது அந்தப் பெயரைத்தான்.

வெளியார் வைத்த பெயர், கையைவிட்டுப் போன காடு: ஆப்பிரிக்காவின் சான் மக்கள் கதையும் இதுவே. 'சான்' அவர்கள் மொழிச் சொல் இல்லை. மாடு வளர்த்த கோய்கோய் மக்கள், மாடில்லாமல் காட்டில் பொறுக்கித் தின்பவர்களுக்கு வைத்த பெயர். டச்சுக்காரர்கள் 'புதர் மனிதர்' என்றார்கள். போட்ஸ்வானாவில் 'பசர்வா', அதற்கு முன்பு 'மசர்வா'. முன்னொட்டில் மாறிய அந்த ஓர் எழுத்துதான், மக்களைக் குறிக்கும் அந்தப் 'ப'தான், மனிதரை மனிதராகச் சொல்வதற்கு அவர்களுக்குக் கிடைத்த சலுகை. 1961-இல் மத்திய களஹாரி காப்பகம் ஏற்பட்டது. 1997-இலும் 2002-இலும் அங்கிருந்தவர்களை அரசு வெளியேற்றியது. காப்பகத்துக்குள் இருந்த காடே என்னும் ஊர்க்காரர்களைக் கொண்டுபோய் வைத்த இடத்துக்கு 'நியூ காடே' என்று பெயர். ஊரைப் பறித்துக்கொண்டு பெயரை மட்டும் கையில் கொடுத்தனுப்பினார்கள். வெளியேற்றியது சட்டவிரோதம் என்று 2006 டிசம்பர் 13 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் பக்கத்தில் பழைய ஊரின் பெயர்கூட உடன் வருவதில்லை. 'காலனி' வந்துவிடுகிறது. லத்தீனில் 'கொலோனியா' என்றால் ரோமானியர் வென்ற நிலத்தில் தம் உழவரையும் ஓய்வுபெற்ற படைவீரரையும் கொண்டு அமர்த்திய குடியேற்றம். உழுவது என்னும் வினையிலிருந்து வந்த சொல். அடுத்தவன் நிலத்தில் போய் உட்கார்ந்தவனுக்கு உரிய பெயர். அதை, நிலத்தை இழந்து நகர்ந்து வந்தவர்கள் தலையில், அதுவும் ஏர் பிடிக்காத வேட்டைக்குடிகளின் தலையில் கட்டியிருக்கிறோம். ரயில்வே காலனி என்றால் முகம் சுளிக்காதவர்கள், வெறுமனே 'காலனி' என்றால், ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்பு என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்ல முடிவு. எடுத்துவிட்டு என்ன வைப்பது என்பதுதான் பாக்கி. வழக்கம்போல ஒரு தலைவர் பெயரோ ஒரு பூவின் பெயரோ பலகையில் ஏறிவிடும். வேண்டாம். அந்தத் தெருவில் இருப்பவர்களை உட்காரவைத்து, எந்த ஏரிக்கரையிலிருந்து வந்தீர்கள், அந்த இடத்தை என்ன சொல்லி அழைத்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதுங்கள். வில்லியர் தெரு என்றாலும் சரி, கன்னியம்மன் நகர் என்றாலும் சரி. மாசி மகத்தன்று மட்டும் போகாதீர்கள். குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரைக்குக் கன்னியம்மனைக் கும்பிடப் போயிருப்பார்கள்.