பொய்முகமும் புனைமுகமும்: கொழும்பு நகரின் வரலாற்றில் போலி அடையாளம்

ஒரு செய்தியைக் கேட்பவர், அதனைச் சொன்னவர் யாரென அறிந்த பின்பே அதன் பெறுமதியை அளவிடுவது மனித வழக்கம். சொன்னவரின் ஊரும் தொழிலும் ஒழுக்கமும் தெரிந்திருக்குமாயின் சொல்லின் எடையும் தெரிந்துவிடும். சமூக ஊடகங்களிற் காணப்படும் போலிக் கணக்கு இவ்வழக்கத்தையே தாக்குகின்றது. உலகில் இல்லாத ஒருவரின் பெயரைப் படைத்துக்கொண்டோ, உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரையும் படத்தையும் களவாடிக்கொண்டோ அது பேசுகின்றது. இஃது இணையத்தோடு பிறந்த தீமை என்று கருதுவோர் பலர். கொழும்பின் வரலாற்றை, சிறப்பாகத் தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஆகிய பகுதிகளின் வரலாற்றை நோக்குமிடத்துக் கருவி மட்டுமே புதிது, செயல் பழையது என்பது புலனாகும். முகத்தை மறைத்தல் யாவும் ஒரே தன்மையன அல்ல என்ற உண்மையையும் அவ்வரலாறு உணர்த்தும்.

1883 ஆம் ஆண்டு மார்ச் 25 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிலுள்ள தீபதுத்தாராம விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலமொன்றுக்கும் கத்தோலிக்கருக்குமிடையே கலவரம் மூண்டது. கத்தோலிக்கரின் திருச்சின்னங்களை இழிவுபடுத்தும் உருவங்கள் ஊர்வலத்திற் கொண்டுவரப்படுகின்றன என்ற பேச்சு முன்னதாகவே பரவியிருந்தது. அப்பேச்சைத் தொடக்கியவர் யாரென்று கேட்டு நின்றோர் சிலரே. கோலெடுத்து வந்தோரோ பலர். அரசு ஆணைக்குழு அமைத்து விசாரித்தது. ஆயினும் விசாரணை, கலவரத்தின் பின்னரே வந்தது. பெயரற்ற சொல் முன்னே ஓட, ஆராய்ச்சி பின்னே நடந்துவரும் இவ்வொழுங்கு பிற்காலக் கலவரங்களிலும் மாறவில்லை.

1958 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது கொழும்புக்குத் தெற்கேயுள்ள பாணந்துறையில் நிகழ்ந்தது இதற்கு மிகக் கொடிய சான்று. மட்டக்களப்பிற் கற்பித்துவந்த பாணந்துறை ஆசிரியை ஒருவர் அங்கே சிதைத்துக் கொல்லப்பட்டார் என்றும், அவரது சடலம் ஊருக்குக் கொண்டுவரப்படுகின்றது என்றும் வதந்தி எழுந்தது. வெகுண்ட கும்பல் அங்கிருந்த இந்துக் கோயிலுக்கு எரியூட்ட முயன்றது. அது கைகூடாமற்போகவே கோயிற் பூசகரை வெளியே இழுத்து உயிரோடு எரித்தது. பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவரும் மட்டக்களப்புப் பாடசாலைகளிற் கடமையாற்றவில்லை என்பதைக் கல்வி அமைச்சு பின்னர் வெளிப்படுத்தியது. ஊரும் தொழிலும் அவலமும் புனைந்து சேர்க்கப்பட்ட, என்றுமே வாழ்ந்திராத அப்பெண்ணின் பொருட்டு, உண்மையில் வாழ்ந்த ஒருவரின் உயிர் போயிற்று. இன்று போலிக் கணக்கு எனப்படுவதன் இலக்கணம் முழுவதும் அவ்வதந்தியில் அமைந்திருத்தல் காண்க.

1983 ஆம் ஆண்டு யூலை 25 ஆம் நாள் கொழும்பெங்கும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெள்ளவத்தையும் எரிந்தது. வன்செயல் சற்றுத் தணிந்திருந்த வேளையில், யூலை 29 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்பினுள் நுழைந்துவிட்டனர் என்ற வதந்தி புறக்கோட்டையிலிருந்து பரவியது. அலுவலகங்களிலிருந்தோர் அஞ்சி ஓடினர். அவ்வச்சமே சில மணிநேரத்திற் சீற்றமாக மாற, தமிழர் மீண்டும் தாக்கப்பட்டனர்.

அதே யூலை மாதத்தில் மறைப்பின் வேறொரு வடிவமும் காணப்பட்டது. தமிழரின் வீடுகளை இனங்காணக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன. வழியில் மறிக்கப்பட்டவரிடம் சிங்களச் சொற்களைச் சொல்லச் செய்து உச்சரிப்பினால் இனம் அறிந்தனர். அவ்வேளை பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்தனர். சிங்களம் பேசத் தெரிந்தோர் அம்மொழியினுள் ஒளிந்துகொண்டனர். இதுவும் முகமறைப்பேயாம். எனினும் அது பிறரை ஏய்க்கப் பூண்ட வேடம் அன்று. உயிரைக் காத்தற்குப் பூண்ட வேடம். பொய்யான ஆசிரியையின் முகம் பிறர் உயிரைக் கொண்டது. அழிக்கப்பட்ட பொட்டுத் தன்னுயிரைக் காத்தது. முன்னதைப் பொய்முகம் என்றும் பின்னதைப் புனைமுகம் என்றும் வேறுபடுத்துதல் பொருந்தும்.

மெய்யான பெயரே சுமையாக அமைந்த காலம் 1983 உடன் முடிந்துவிடவில்லை. 2007 ஆம் ஆண்டு யூன் 7 ஆம் நாள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கையை இடைநிறுத்தியது. விடுதிப் பதிவேட்டில் தம் பெயரையும் ஊரையும் உள்ளவாறே எழுதியோர் அடைந்த பயன் இதுவாகும். எனவே மெய்ப்பெயரின்றி எவரும் பேசலாகாது என்ற வாதம் இப்பகுதி மக்களின் செவியில் எளிதில் ஏறாமைக்குக் காரணம் உண்டு.

வதந்தி இணையத்திற் குடிபுகுந்த பின் அதன் வேகம் பெருகிற்று. 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்து உணவிற் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறப்பட்டு வன்செயல் நிகழ்ந்தது. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாவுக் கட்டி எனத் தெரியவந்தது. அடுத்த மாதம் திகனயிலும் கண்டியின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது அரசு மார்ச் 7 முதல் 15 வரை முகநூல் முதலியவற்றை முடக்கியது. அக்கலவரத்தில் தன் தளம் பயன்படுத்தப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது.

2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம் உட்பட நாட்டின் பல இடங்களிற் குண்டுகள் வெடித்து 250 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டன. பொய்யைத் தடுக்க மூடிய அவ்வாயில், உறவினரைத் தேடியோரின் மெய்ச் செய்திக்கும் அடைபட்டது. அதே வாரத்திற் பொலிசார் வெளியிட்ட சந்தேகநபர் படங்களுள் ஒன்று, தொடர்பேதுமற்ற அமெரிக்கப் பெண்ணொருவருடையதாக அமைந்துவிட்டது. தவறு திருத்தப்படுமுன் அப்படம் உலகைச் சுற்றிவந்தது. ஒருவரின் முகத்தோடு இன்னொருவரின் பெயர் இணைந்துவிட்டால் விளையும் கேடு, அரச முத்திரை இருப்பினும் குறையாது என்பதற்கு இது சான்று.

பழைய வதந்திக்கும் இன்றைய போலிக் கணக்குக்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டு. முதலாவது எண்ணிக்கை. 2019 ஆம் ஆண்டின் முதல் 3 மாதங்களில் மட்டும் முகநூல் நிறுவனம் ஏறத்தாழ 220 கோடி போலிக் கணக்குகளை நீக்கியதாக அறிவித்தது. ஒருவரே நூறு பேராகத் தோன்றிப் பொய்க்குப் பெரும்பான்மை வலிமை தரவல்லார். இரண்டாவது, ஒருவரை அப்படியே படியெடுக்கும் ஆற்றல். வெள்ளவத்தைக் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவரின் படத்தையும் பெயரையும் எடுத்து, தாயிடமோ மாமாவிடமோ அவசரமாகப் பணம் கேட்பது மோசக்காரர்க்கு எளிது. உறவின் மீதுள்ள நம்பிக்கையே இங்குக் களவுக்குக் கருவியாகின்றது.

இத்தகைய கணக்குகளை இனங்காண்பதற்கு வரலாற்று மாணவர் ஆவணங்களை ஆராயும் முறையே உதவும். ஆவணம் எங்கே, எப்போது தோன்றியது, யார் கையினின்று வந்தது எனப் புறச்சான்றால் ஆராய்வது முதற்படி. அவ்வாறே, கணக்கு அண்மையிலே தொடங்கப்பட்டதா, பெயர் இடையில் மாற்றப்பட்டதா, நண்பர் பட்டியலில் அறிந்தவர் எவரேனும் உளரா எனக் காணவேண்டும். முகப்படத்தை இணையத்திற் படத்தேடலுக்கு உட்படுத்தின், அது வேறொருவரிடமிருந்து எடுக்கப்பட்டதா என்பது பெரும்பாலும் வெளிப்படும். அடுத்தது அகச்சான்று. மொழிநடை அறிந்தவருடையதுதானா, ஒரே வாசகம் பல பெயர்களில் வருகின்றதா, அவசரமும் அச்சமும் சினமும் ஊட்டப்படுகின்றனவா என்பவை நோக்கத் தக்கன. பணம் கேட்பவர் உறவினராயின், முன்பிருந்தே தெரிந்த தொலைபேசி இலக்கத்தில் அழைத்து அவர் குரலைக் கேட்டபின் முடிவுசெய்தலே முறை.

போலியென்று தெளிந்தால் அதனோடு வாதிடுதல் பயனற்றது. வாதம் அதனைப் பலர் கண்ணிற் படச்செய்யும். கணக்கின் முகவரியையும் பதிவுகளின் படங்களையும் சான்றாகச் சேமித்துத் தளத்துக்கு முறையிடவேண்டும். படியெடுக்கப்பட்டவர் தம் நண்பர்க்கு உடனே அறிவிப்பதோடு அவர்களையும் முறையிடச் செய்தல் நன்று. இலங்கைக் கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவிடமும் உதவி பெறலாம். பணமோசடியும் அச்சுறுத்தலும் நேரின் பொலிசாரிடம் முறையிடுதல் தகும்.

சட்டத்தின் துணையும் தேடப்பட்டுள்ளது. 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போலிக் கணக்குகளைத் தடுப்பதையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. எனினும் எது பொய் எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தமை குறித்து ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்புகளும் கடும் கண்டனம் தெரிவித்தனர். மேலே காட்டிய வரலாற்றை அறிந்தோர்க்கு அக்கண்டனத்தின் நியாயம் விளங்கும். முகத்தை மறைத்தோர் யாவரையும் குற்றவாளிகளாக்கும் சட்டம், பொட்டை அழித்துத் தப்பியவரையும் பொய்ச் சடலத்தைப் புனைந்தவரையும் ஒரே கூண்டில் நிறுத்திவிடும். பெயர் மறைந்துள்ளதா என்பதைவிட, அம்மறைப்பினால் யாருக்கு ஊறு நேர்கின்றது என்பதே நீதி கேட்கவேண்டிய வினா.

சட்டமும் தளங்களின் தணிக்கையும் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே செயற்படுவன. பாணந்துறை ஆசிரியை பற்றிய உண்மையை அமைச்சு வெளியிட்டபோது பூசகர் உயிரோடில்லை. அன்று அவ்வதந்தியைக் கேட்டவர்கள் அவ்வாசிரியையின் பெயர் என்ன, எந்தப் பாடசாலை என்ற இரு வினாக்களை எழுப்பியிருந்தாற் போதும். அவற்றுக்கு விடையளிக்க எவராலும் இயன்றிராது. அவ்வினாக்களைக் கேட்கும் கடமை, இன்று கைத்தொலைபேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்பும் ஒவ்வொருவர்க்கும் உரியது.