கச்சேரியில் ஒரு "இன்றைக்கே"

 

போன கிழமை எங்கள் வட்ஸ்அப்புக்கு ஓர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. "மிக அவசரம். இன்று 12 மணிக்கு முன்." மூன்று பாடவேளையை விட்டுவிட்டு மாணவர் விபரங்களை நிரப்பி அனுப்பினோம். நாலு நாள் கழித்து அதே விபரத்தை அதே இடம் திரும்பக் கேட்டது. இந்த முறையும் "மிக அவசரம்" தான். யாரும் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆசிரியர் அறையில் அதைக் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு லெனாட் வூல்ஃபின் நினைவு வந்தது.

நாவலாசிரியை வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்று உலகம் அறிந்த மனிதர். எங்களுக்கு அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பழகிய ஒரு பெடியன். 1905 ஜனவரியில் வந்து இறங்கும்போது வயது 24. வோல்டயரின் நூல்கள் மட்டும் 90 தொகுதி கொண்டுவந்தார். கோட்டைக் கொத்தளத்தின் மேலிருந்த பங்களாவில் குடியிருந்தார்.

அவர் வந்த வழியைக் கவனியுங்கள். கொழும்பிலிருந்து அனுராதபுரம் வரை ரயில். அதற்குப் பிறகு வன்னிக் காட்டுக்குள்ளால் மாட்டுத் தபால் வண்டி. பிறகு இந்தப் பக்கம் போட்டு முடித்திருந்த பாதையில் மறுபடியும் ரயில். அதே 1905 ஓகஸ்டில்தான் இடையிலிருந்த பாதை திறந்து, கொழும்பு ரயில் நேரே யாழ்ப்பாணம் வந்தது. அதுவரை கொழும்புக் கடிதம் மாட்டின் வேகத்தில் வந்தது, பதிலும் மாட்டின் வேகத்தில் போனது. கச்சேரி லிகிதர்களுடைய "உடனே" என்ற சொல் அந்த வண்டியோடு பழகிய சொல் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வூல்ஃப் ஒரு விதி போட்டார்: வருகிற கடிதத்துக்கு வந்த அன்றைக்கே பதில் போக வேண்டும். லிகிதர்கள் திகைத்துப் போனார்கள். இப்போதும் ஒருவர் அப்படிச் சொன்னால் திகைக்கத்தானே செய்வோம். ஒரு காணிக் கடிதம் வந்தால் அது பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும், மணியகாரருக்குப் போக வேண்டும். அவர் உடையாரைக் கேட்பார், உடையார் விதானையாரைக் கேட்பார், விதானையார் போய் வேலியைப் பார்ப்பார். அன்றைக்கே என்ன பதில் எழுதுவது?

வூல்ஃபின் கணக்கு வேறு. கடிதத்தை இன்றைக்கு எழுதினாலும் பத்து நாள் கழித்து எழுதினாலும் வேலை ஒன்றுதான். பிந்தினால் நினைவூட்டல் கடிதம் வரும், அதற்கும் ஒரு பதில், அதைத் தேட ஒரு கோவை. நிலுவையை ஒருமுறை தீர்த்துவிட்டால் பிறகு ஒவ்வொரு நாள் வேலையும் அந்தந்த நாளோடு முடியும். கணக்குச் சரிதான். ஆனால் மேலே இருக்கிறவர் "இன்றைக்கே" என்றதைக் கீழே இருக்கிறவர்கள் தண்டனை என்று எடுத்தார்கள். கீழே இருக்கிறவர்கள் "நேரம் வேணும்" என்றதை அவர் சோம்பல் என்று எடுத்தார். விதியின் பலன் உண்மையில் கடிதம் எழுதிய விவசாயிக்கு. அந்த மனிதர் இந்தச் சண்டையில் எங்கேயும் இல்லை.

1906இல் வூல்ஃபை முத்துக்குளிப்புக்காக மரிச்சுக்கட்டிக்கு அனுப்பினார்கள். இன்றைய முசலிப் பக்கம். பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபு முக்குளிப்பாளர்கள், நம் சோனகர், தமிழர் என்று ஆயிரக்கணக்கில் கூடிய இடம். பகலில் அள்ளிய சிப்பி கொட்டுக்கு வரும். மூன்று குவியலாகப் பிரித்து இரண்டை அரசாங்கம் எடுக்கும், ஒன்று குளித்தவர்களுக்கு. இரவே ஏலம். சிப்பி அழுகும், நாளைக்கும் படகுகள் வரும். அங்கே "அவசரம்" என்று யாரும் யாருக்கும் எழுதத் தேவையிருக்கவில்லை. மூக்கே சொல்லிவிடும். கச்சேரிக் கடிதத்துக்கு அந்த நாற்றம் இல்லாததுதான் பிரச்சினை.

அந்தக் காலத்தில் இன்னொரு விஷயமும் நடந்தது. வூல்ஃபும் அரசாங்க அதிபரும் பெரிய கடைத்தெருவில் குதிரையில் வந்தார்கள். வீதிக்குள் நீண்டிருந்த விறாந்தைகளைக் காட்டி வூல்ஃப் சவுக்கை நீட்டினார். பக்கத்தால் வண்டியில் வந்த பேர்பெற்ற சட்டத்தரணி ஒருவர், தன் முகத்தில் வேண்டுமென்றே அடித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். தமிழர் சங்கம் அரசாங்கத்துக்கு முறைப்பாடு அனுப்பியது. தான் அடிக்கவில்லை என்பதில் வூல்ஃப் கடைசிவரை உறுதியாக இருந்தார். ஆனால் 1961இல், 80 வயதில் வெளியிட்ட நினைவுநூலில் இதை எழுதும்போது, அவர்களுடைய ஊர்த் தெருவில் தான் குதிரைமேல் இருந்த இருப்பே ஓர் அறைதான் என்று ஒத்துக்கொள்கிறார். லிகிதர்கள் காதில் அவருடைய "இன்றைக்கே" எப்படி விழுந்திருக்கும் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது.

எங்கள் சமூகத்துக்கு அவசரம் தெரியாத சொல் இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுத்தில் ஒன்றும் வரவில்லை, வாயால் சொன்னார்கள், எல்லோரும் போனோம். யுத்தம் முடிந்து திரும்பி வந்தவர்கள் காணிக்கும் வீட்டுக்கும் எழுதிய கடிதங்களுக்கு எந்த அவகாசமும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு நானாவிடம் அந்தப் பிரதிகள் ஒரு பிஸ்கட் தகரம் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் தன் கையால் "அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். முதல் கடிதத்தில் ஒரு தடவை. பிந்தியவற்றில் மூன்று தடவை. கடைசியாக எழுதியதில் அந்தச் சொல்லே இல்லை. ஏன் நானா என்று கேட்டேன். "மை முடிஞ்சு போச்சு தம்பி" என்றார்.

வூல்ஃப் 1960இல், 79 வயதில் இலங்கைக்கு மறுபடி வந்தார். அவர் வேலை செய்த பழைய கச்சேரியும் பிறகு யுத்தத்தில் இடிந்தது. பழைய பூங்காப் பக்கம் போகிறவர்கள் அந்தச் சுவர்களைக் கண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டில் அப்பாவோ வாப்பாவோ அங்கே லிகிதராக இருந்திருந்தால், எந்தக் கடிதத்தை முதலில் எடுப்பார்கள் என்று கேட்டு எனக்கும் சொல்லுங்கள்.