வல்வில்

வல்வில்: வில்வித்தையில் தலைசிறந்தோனைச் சுட்டும் பழந்தமிழ் அடைமொழி. வலிய வில் என்பதே நேர்ப்பொருளாயினும், வில்லின் வன்மையைக் கையின் வன்மையாகவே கொண்டு, குறி தப்பாது எய்யும் வீரனுக்கு அதனைச் சூட்டுதல் சங்கச் சான்றோர் மரபு. ஓரம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தனையும் வீழ்த்தியதாகப் புறநானூற்றில் வன்பரணர் போற்றும் கொல்லிமலைத் தலைவன் ஓரியே இப்பெயருக்குரிய உதாரண புருஷன். ஓரம்பு ஐந்துடலையும் ஊடுருவுமோ என்னும் விசாரம் ரசிகனுக்கு வேண்டுவதன்று.

அதே வித்தையில் வல்லவரான வேட்டைக்குடியினர்க்கு வாய்த்ததோ பட்டமன்று, குலப்பெயர். எய்தல் தொழிலால் பெயர்பெற்றவராகக் கருதப்படும் எயினர், சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில், ஆநிரை கவரும் தொழில் தளர்ந்து வளங்குன்றியவராகவே காட்சியளிக்கின்றனர். புரவலனுக்குக் கீர்த்தியான கைத்திறம் எயினனுக்கு ஜீவனோபாயமாகவே நின்றுவிட்டது.

எனினும், பாட்டில் இடம்பெறாத வீரனுக்குக் கல்லில் இடம் கிடைத்ததுண்டு. தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக்கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்கள் மூன்றனுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் மாண்ட தீயன் அந்தவன் என்பானுடையது. ஆகோள் என்பது தொல்காப்பியம் வெட்சித் துறைகளுள் வைத்தெண்ணும் நிரை கவர்தல். கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் கூடலூர் என்றோர் ஊர் உண்டு. அவன் வில்லேந்தினான் என்று கல் கூறவில்லை. நிரைப்பூசலில் வில்லே முதற்கருவி என்பதைப் பாடல்களைக்கொண்டு நாமே அனுமானித்தல் வேண்டும்.

துருக்கிச் சொல்லிலிருந்து பிறந்த துப்பாக்கி வந்தபின் வல்வில் ஏட்டுச்சொல்லாகி, பாரசீகத்துச் சிக்காரி அதன் ஸ்தானத்தை அடைந்தது. சுட்டவனும் சிக்காரி, காட்டைக் கற்று, அடிச்சுவடு கண்டு, விலங்கைத் துப்பாக்கியின் முன் கொண்டுவந்து நிறுத்திய மலைவாசியும் சிக்காரி, ஆனால் புலித்தோலும் பிரதாபமும் பெரும்பாலும் துரையைச் சேர்ந்தன. பழைய பேதம் புதிய பெயரிலும் நீங்கிற்றில்லை என்றே கூறவேண்டும். 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமச்சீட்டை வற்புறுத்திற்று. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு சிக்காரியின் தொழிலும் முடிந்தது.

கம்பம் பள்ளத்தாக்கை அணைந்த மேகமலைக் காடுகள் 2021 இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாயின. அப்பெயரிலுள்ள வில்லி, ஸ்தல புராணத்தின்படி, ஒரு வேடர் தலைவன்.