மூவிலைப் புரதங்கள்

இரைப்பையிலும் குடலிலும் சளியோடு சேர்ந்து சுரந்து, அங்கு உண்டாகும் புண்ணை மூட உதவும் சிறு புரதங்கள் மூவிலைப் புரதங்கள் எனப்படும். மனிதரிடம் இவை மூன்று. மூன்றின் மரபணுக்களும் 21ஆம் குரோமோசோமில் அருகருகே உள்ளன. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலங்கள் ஆறு, மூன்று கந்தகப் பிணைப்புகளாக இணைய, புரதச் சங்கிலி வில்வ இலைபோல மூன்று வளையங்களாக மடிகிறது. முதலாவதிலும் மூன்றாவதிலும் இம்மடிப்பு ஒன்று; இரண்டாவதில் இரண்டு. இறுக்கமான இம்மடிப்பால்தான் இரைப்பையின் அமிலமும், புரதத்தைச் செரிக்கும் பெப்சின் நொதியும் இவற்றை எளிதில் சிதைப்பதில்லை. முதலாவது, பிரான்சில் 1982இல் மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் தூண்டும் மரபணுவைத் தேடியபோது அகப்பட்டது. அதே ஆண்டு டென்மார்க்கில் பன்றிக் கணையத்திலிருந்து இரண்டாவதைப் பிரித்தவர்கள், தசைப்பிடிப்பைத் தணிப்பது என்று அதற்குப் பெயரிட்டார்கள். மூன்றாவது 1991இல் எலிக்குடலில் கிடைத்தது. இரைப்பையின் காவலர்கள் இரைப்பைக்கு வெளியிலேயே கண்டெடுக்கப்பட்டது வேடிக்கைதான். 1989இல் ஆய்வாளர் லார்ஸ் திம் இந்த மூவளைய மடிப்புள்ள புரதங்களை ஒரு குடும்பமாக வகுத்தபோது 'வளர்ச்சிக் காரணி போன்றவை' என்று குறித்தார். அந்த அடைமொழி வாசகரைத் திசைதிருப்பக்கூடியது.

ஏனெனில் இவற்றின் முதன்மைப் பணி செல்களைப் பெருக்குவதன்று, நகர்த்துவது. மேற்பரப்பில் சிறு காயம் ஏற்பட்டால், ஓரத்துச் செல்கள் தட்டையாகி, பிளவுபடாமலே ஊர்ந்துவந்து சில மணி நேரத்தில் வெற்றிடத்தை மூடுகின்றன. புதுச் செல்கள் பிறந்து ஆழமான புண் நிரம்புவது அடுத்த கட்டம். உமிழ்நீரிலும் உள்ள மேல்தோல் வளர்ச்சிக் காரணிக்கு அங்கே பெரும்பங்கு உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையே புண்ணை ஆற்றிவிடுகிறதே, புரதம் எதற்கு என்று கேட்கலாம். மாத்திரை அரிப்பைத் தடுக்கிறது. இடைவெளியை மூடுவது செல்தான். இரண்டாம் புரதம் இல்லாத சுண்டெலிகளுக்கு வலிநிவாரணி மருந்தால் இரைப்பைப் புண் மிகுந்ததை 2002இல் கண்டார்கள். அவற்றுக்கு அமிலமும் கூடுதலாகச் சுரந்ததால், குற்றம் அமிலத்தினுடையதே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் 1996இல் மூன்றாம் புரதம் நீக்கப்பட்ட சுண்டெலிகளின் பெருங்குடல், காயத்துக்குப் பிறகு தன்னைச் சரிசெய்ய முடியாமல் போனது; இரைப்பை அமிலம் எட்டாத இடம் அது. ஆகவே அமிலத்தைக் கொண்டு மட்டும் இதை விளக்க முடியாது.

ஆனாலும் புண்ணுக்கான மருத்துவத்தில் இன்றும் அமிலக் குறைப்பும், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமிக்கு எதிரான மருந்துகளுமே வழக்கம். மூன்றாம் புரதமோ, உணவுக்குழாயின் உட்பரப்புச் செல்கள் குடற்செல்களைப் போல மாறும் பாரெட் மாற்றத்தைக் கண்டறியும் சோதனையில் அடையாளப் பொருளாகப் பயன்படுகிறது.