எங்களுக்காக மட்டும் அல்ல!

1935, மே 11. சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் ஏக்ரன் நகரம். அங்கே ஒரு ஹோட்டல் லாபியில் நியூயார்க்கிலிருந்து வந்த பங்குச்சந்தை ஆசாமி ஒருவர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கிறார். பெயர், பில் வில்சன். வந்த வியாபாரம் ஊத்திக்கொண்டது. ஒரு காலத்தில் மொடாக்குடியர். ஐந்து மாதமாகத்தான் தொடாமல் இருக்கிறார். லாபியின் ஒரு பக்கம் பார். இன்னொரு பக்கம் டெலிபோன்.

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நடக்கட்டும். அதே ஊரில் இருக்கும் ஒரு வீட்டை நாம் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

சும்மா வீடு இல்லை. 65 அறைகள். குளிர் காய 23 கணப்புகள். ஜன்னல்களில் மட்டும் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடித் துண்டுகள். பெயர், ஸ்டான் ஹைவெட் ஹால். பழைய ஆங்கிலத்தில் 'கல் குவாரி' என்று அர்த்தம். நிஜமாகவே கல் வெட்டியெடுத்த இடம்தான் அது.

கட்டியவர் ஃபிராங்க் சைபர்லிங். 1898-ல் மைத்துனரிடம் 3,500 டாலர் கடன் வாங்கி ஒரு ஃபேக்டரியைப் பிடித்தார். அதுதான் குட்இயர் டயர் கம்பெனி! அமெரிக்காவில் கார்கள் பெருகப் பெருக, சைபர்லிங்கின் கல்லா நிறைந்தது. 1912-ல் மனைவி ஜெர்ட்ரூடோடும் ஆர்க்கிடெக்ட் சார்ல்ஸ் ஷ்னைடரோடும் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். பழைய பிரபுக்களின் மாளிகைகளைச் சுற்றிப் பார்த்தார்கள். ஊர் திரும்பி அதே மாதிரி கட்டினார்கள்.

எட்டாம் ஹென்றி, முதலாம் எலிசபெத் ஆகியோரின் வம்சம்தான் டியூடர். அந்தக் காலத்து வீடுகளில் வெள்ளைச் சுவருக்கு நடுவே கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். செங்குத்தான கூரை, உயரமான புகைபோக்கி, சின்னச் சின்னக் கண்ணாடி பதித்த ஜன்னல். இதையெல்லாம் பின்னாளில் திரும்பக் கொண்டுவந்ததற்குப் பெயர் 'டியூடர் மறுமலர்ச்சி'. 1915-ல் சைபர்லிங் குடும்பம் குடியேறியது. வெளியே பதினாறாம் நூற்றாண்டு. உள்ளே நீச்சல் குளம், மரப்பலகைக்குப் பின்னால் ஒளித்துவைத்த டெலிபோன்கள்!

அப்படியானால் இது போலிதானே? கிழவன் வேஷம் கட்டிய வாலிபன் மாதிரி ஒரு வீட்டுக்கு என்ன பாரம்பரிய மதிப்பு?

நான் பி.காம். படித்தவன். கட்டடம் என்றால் வருஷா வருஷம் தேய்மானம் கழிக்க வேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். இந்த வீட்டின் கணக்கு வேறு மாதிரி.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை தடாலென்று சரிந்தது. அதிக விலைக்கு சரக்கு ஒப்பந்தம் போட்டிருந்த குட்இயர் திணறியது. 1921-ல் கம்பெனி சைபர்லிங்கின் கையைவிட்டுப் போயிற்று. ஆனால், வீடு போகவில்லை. 62 வயதில் தன் பெயரிலேயே புதிதாக ஒரு ரப்பர் கம்பெனி தொடங்கினார் மனுஷர்.

இப்போது ஹோட்டலுக்குத் திரும்புவோம். பில் வில்சன் பார் பக்கம் போகவில்லை. டெலிபோனை எடுத்தார். ஒரு பாதிரியாரைப் பிடித்து, அவர் மூலம் ஒவ்வொருவராகத் தாண்டி, கடைசியில் ஹென்ரியட்டா என்ற பெண்மணியிடம் வந்து சேர்ந்தார். அவர் சைபர்லிங்கின் மருமகள். மாளிகையின் கேட்டுக்குப் பக்கத்தில், அதே டியூடர் பாணியில் கட்டிய சின்ன வீட்டில் குடியிருந்தார். மறுநாள் அன்னையர் தினம். குடியால் சீரழிந்துகொண்டிருந்த உள்ளூர் டாக்டர் பாப் ஸ்மித்தை அங்கே வரவழைத்தார்.

"பதினைந்து நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டேன்" என்ற நிபந்தனையோடு வந்தார் டாக்டர். மணிக்கணக்கில் பேசினார்கள். இரவு வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தார். அந்தச் சந்திப்பில் முளைத்ததுதான் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. இன்று உலகம் பூராவும், நம் சென்னையிலும், எத்தனையோ குடும்பங்களில் அடுப்பு எரியக் காரணமான அமைப்பு!

1955-ல் சைபர்லிங் காலமானார். இத்தனை பெரிய வீட்டைக் கட்டிக் காப்பது லேசா? 1957-ல் பிள்ளைகள் அதை லாப நோக்கில்லாத ஓர் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார்கள். மேஜை, நாற்காலி பெரும்பாலும் அப்படியே இருக்க, இன்று அது மியூசியம். அதே ஊரில் இன்னொரு டயர் சக்கரவர்த்தி ஹார்வி ஃபயர்ஸ்டோன். அவருக்கும் டியூடர் பாணி மாளிகைதான். பெயர் ஹார்பெல் மேனர். 1950-களின் கடைசியில் அதை இடித்துவிட்டார்கள். ஊர் ஒன்று, தொழில் ஒன்று, பாணி ஒன்று. ஒன்று நிற்கிறது, இன்னொன்று போட்டோவில் இருக்கிறது.

ஸ்டான் ஹைவெட்டின் வாசலுக்கு மேலே லத்தீன் மொழியில் ஒரு வாசகம். 'எங்களுக்காக மட்டும் அல்ல' என்று பொருள். கட்டும்போது அலங்காரத்துக்கு எழுதியிருக்கலாம். பிள்ளைகள் அதை உண்மையாக்கினார்கள்.

அந்த 'எங்களுக்காக'வில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல். அந்த நாளில் உலகத்துக்கு ரப்பர் கொடுத்ததில் பெரிய பங்கு மலேயாவுக்கு. வாங்கியதில் பெரிய பங்கு அமெரிக்காவுக்கு. மலேயாவின் பால்மரக் காடுகளில் விடியும் முன்னே கத்தியோடு நின்றவர்களில் பெரும்பாலோர், கங்காணி பேச்சை நம்பிக் கப்பலேறிய நம் ஊர் ஜனங்கள். அவர்கள் குடியிருந்த தகரக் கூரை லயன் வீடுகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. வாசலில் லத்தீனும் எழுதவில்லை.

டயர்ப் பணத்தில் எழுந்த மாளிகை அது. பாரம்பரியக் கணக்கு எழுதும்போது இந்த வரவையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால், வாசலில் இருக்கும் அந்த வாசகம் இன்னும் கொஞ்சம் உண்மையாகும்!